எழுதும் மேசை – 11: காலையில் பேய், மாலையில் பேஸ்பால்

எழுத்தாளர்கள் தங்கள் அன்றாடத்தைப் பற்றி எழுதினால் அதில் கொஞ்சம் பவுடர் பூச்சு இருக்கும். விடியற்காலையில் எழுந்தேன், நடந்தேன், எழுதினேன், மாலையில் நல்ல புத்தகம் படித்தேன் என்று வரும். உட்கார்ந்து டிவியில் மேட்ச் பார்த்தேன் என்று யாரும் எழுத மாட்டார்கள். அமெரிக்கத் திகில் நாவலாசிரியர் ஸ்டீபன் கிங் எழுதினார். 2000-ல் வெளிவந்த ‘ஆன் ரைட்டிங்’ நூலில் தன் நாளை மூன்றாகப் பிரித்துக் காட்டுகிறார். காலைப்பொழுது, அப்போது எழுதிக்கொண்டிருக்கும் கதைக்கு. மதியம் ஒரு குட்டித் தூக்கம் போட, கடிதங்களுக்குப் பதில் எழுத. இருட்டிய பிறகு வீட்டாரோடு இருப்பது, படிப்பது, தள்ளிப்போட முடியாத திருத்தம் ஏதாவது இருந்தால் அதைப் பார்ப்பது. இந்தக் கடைசி வரிசைக்குள்ளேயே, கூச்சநாச்சம் இல்லாமல், பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் ஆட்டமும் உட்கார்ந்திருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எழுத ஆசைப்படுகிறவர்கள் முதலில் டிவியை அணைக்க வேண்டும் என்று அதே புத்தகத்தில்தான் கண்டிப்பான வாத்தியாராகச் சொல்கிறார். செய்தி சேனல், அரட்டை நிகழ்ச்சி எல்லாம் நேரத்தைத் தின்னும் பூதங்கள். ரெட் சாக்ஸுக்கு மட்டும் விலக்கு. ரசிகனிடம் போய் நியாயம் கேட்க முடியுமா?

போன வாரம் பார்த்த ஆண்டனி ட்ராலப்பைக் கிங்கும் அந்த நூலில் நினைவுகூர்கிறார். தபால் இலாகா உத்தியோகம் பார்த்துக்கொண்டே, காலை ஐந்தரை மணிக்குக் கடிகாரத்தை எதிரே வைத்து, கால் மணி நேரத்துக்கு 250 சொல் என்று எழுதிக் குவித்தவர் ட்ராலப். அவருக்கும் குதிரையேறி நரி வேட்டைக்குப் போகிற பித்து இருந்ததைச் சொல்லியிருந்தேன். ஆனால் ட்ராலப் நேரத்தைக் கணக்கு வைத்து எழுதினார். கிங் சொற்களைக் கணக்கு வைத்து எழுதினார். ஒரு நாளைக்கு இரண்டாயிரம் சொல், அதாவது சுமார் பத்துப் பக்கம். மூன்று மாதத்தில் 1,80,000 சொல். ஒரு நாவலின் முதல் பிரதி. அந்த இரண்டாயிரம் சில நாட்களில் பதினொன்றரை மணிக்கே முடிந்துவிடும். எழுந்து கடைகண்ணிக்குப் போய்விடுவார். வராத நாட்களில் சாப்பாட்டு நேரம் தாண்டியும் உட்கார வேண்டியதுதான். நேரத்தைக் கணக்கு வைக்கிறவர் மணி அடிக்கும்வரை அறைக்குள் இருந்தாக வேண்டும். எண்ணிக்கை வைத்துக்கொண்டவர் அது முடிந்ததும் கதவைத் திறந்துகொண்டு வரலாம். வெளியே மூன்று பிள்ளைகள் காத்திருக்கும் வீட்டில் இந்த வித்தியாசம் ரொம்பப் பெரியது.

கிங் முதன்முதலில் எழுதிய இடத்துக்குக் கதவு என்று சொல்லிக்கொள்ள ஒன்று இருந்ததா என்பதே சந்தேகம். 1947-ல் மெய்ன் மாநிலத்தின் போர்ட்லேண்ட் நகரில் பிறந்தவர். இரண்டு வயதில் அப்பா வீட்டை விட்டுப் போனார். திரும்பி வரவே இல்லை. அம்மா கிடைத்த வேலையெல்லாம் செய்து இரண்டு மகன்களை வளர்த்தார். மெய்ன் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது சந்தித்த டேபிதா ஸ்ப்ரூஸை 1971 ஜனவரியில் கல்யாணம் செய்துகொண்டார். மூத்தவள் நவோமி 1970-ல் பிறந்துவிட்டாள். 1972-ல் ஜோ. கிங் ஆஸ்பத்திரித் துணியும் ஓட்டல் துணியும் வந்து குவிகிற ஒரு பெரிய சலவைக்கூடத்தில் வேலை பார்த்தார். டேபிதா டோனட் கடையில் ஷிப்ட் வேலை பார்த்தார். பிறகு ஹாம்டன் என்ற ஊர்ப் பள்ளியில் கிங்குக்கு ஆங்கில ஆசிரியர் வேலை கிடைத்தது. வருடத்துக்கு 6,400 டாலர் சம்பளம். குடியிருந்தது ட்ரெய்லர் வீட்டில். அதன் துணி துவைக்கும் மூலைதான் எழுத்தறை. வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தைகள் எழுதுகிற சின்னப் பலகையைத் தொடைமேல் வைத்து, அதன்மேல் டேபிதாவின் ஒலிவெட்டி டைப்ரைட்டரை ஏற்றித் தட்டுவார். பகலெல்லாம் பள்ளிக்கூடம், இரவில் திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டு, இரண்டுக்கும் நடுவில் கிடைத்த இடுக்கில் பேய்க்கதைகள்.

ஆண்கள் பத்திரிகைகளுக்கு அந்தக் கதைகள் போகும். எப்போதாவது செக் வரும். ஒருமுறை குழந்தைக்குக் காதில் தொற்று, நல்ல காய்ச்சல். மருந்து வாங்கக் கையில் காசில்லை. வெளியூர் போய்விட்டு வீடு திரும்பித் தபால் பெட்டியைப் பார்த்தால் ஒரு கதைக்கு 500 டாலர் வந்திருக்கிறது. அதுவரை அவர் பார்த்த பெரிய தொகை. எழுத்து, வீட்டுக்கு இடைஞ்சலாக இல்லாமல் வீட்டு மருந்துச் செலவாக மாறிய கணம் அது. எழுதப்போகிறேன் என்று எழுந்து போகிற மனிதனை வீடு பார்க்கிற பார்வையை இப்படி ஒரு செக் எவ்வளவு மாற்றும் என்று எழுதுகிறவர்கள் வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரியும்.

அந்த நாட்களில் நடந்த இன்னொன்றுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பள்ளியின் விவாத மன்றத்தைக் கவனித்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. ஒப்புக்கொண்டால் வருடத்துக்குக் கூடுதலாக 300 டாலர். அவர்கள் நிலைமைக்கு அது சின்னக் காசில்லை. கிங் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அதைச் செய்தால் எழுத நேரம் இருக்குமா என்று டேபிதா கேட்டார். அதிகம் இருக்காது என்றார் கிங். அப்படியானால் வேண்டாம் என்று டேபிதா முடித்துவிட்டார். ‘கேரி’ நாவலின் முதல் பக்கங்களைக் குப்பைக்கூடையிலிருந்து டேபிதா எடுத்து, சாம்பலைத் தட்டிப் படித்து, மேலே எழுது என்று சொன்ன கதை ஊரறிந்தது. எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். காகிதத்தை மீட்பது ஒரு நிமிட வேலை. 300 டாலரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அடுத்த மாத வாடகைக்கு யோசித்துக்கொண்டே டோனட் கடை ஷிப்டுக்குக் கிளம்பிப் போவது தினமும் செய்ய வேண்டிய வேலை.

1973-ல் ‘கேரி’யை டபுள்டே பதிப்பகம் 2,500 டாலர் முன்பணத்துக்கு வாங்கியது. அதே வருடம் மே மாதம், அன்னையர் தினத்தன்று, அதன் பேப்பர்பேக் உரிமை 4,00,000 டாலருக்கு விற்றுப்போனதாகப் பதிப்பாசிரியரிடமிருந்து போன் வந்தது. பாதி கிங்குக்கு. டேபிதா பிள்ளைகளோடு தாய்வீடு போயிருந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் கிங் தெருவில் இறங்கி, திறந்திருந்த மருந்துக்கடையில் மனைவிக்கு ஒரு ஹேர் டிரையர் வாங்கிக்கொண்டு வந்தார். 2,00,000 டாலர் வரப்போகிறவனின் முதல் செலவு அது.

அடுத்த பத்து வருடங்களை வேகமாகக் கடந்துவிடலாம். ‘தி ஷைனிங்’, ‘தி ஸ்டாண்ட்’, ‘பெட் செமட்டரி’, பணம், புகழ், பேங்கோர் நகரில் இரும்புக் கேட்டில் வௌவால் பொம்மைகள் வைத்த பெரிய வீடு. 1977-ல் கடைக்குட்டி ஓவன் பிறந்தான். 1981-ல் கிங் வெகுநாள் ஆசைப்பட்ட மேசையை வாங்கினார். முரட்டு ஓக் பலகையில் செய்த பிரம்மாண்டமான மேசை. அதை எழுத்தறையின் நட்ட நடுவில் போட்டார். துணி துவைக்கும் மூலையிலிருந்து வந்தவருக்கு அந்த ஆசை இருக்காதா? ஆனால் அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஆண்டுகளில் அவர் பெரும்பாலும் போதையில் இருந்தார். முதலில் பீர், பிறகு கோகெயின். சொற்கணக்கு மட்டும் தவறவில்லை. ‘க்யூஜோ’ என்ற நாவலை எழுதியதே சரியாக ஞாபகமில்லை என்று பிற்பாடு ஒப்புக்கொண்டார். ஒழுங்காக எழுதுகிறவன் ஒழுங்காக வாழ்கிறான் என்று நம்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். தினமும் இரண்டாயிரம் சொல் எழுதிக்கொண்டே ஒரு மனிதன் தன் வீட்டில் இல்லாமல் இருக்க முடியும்.

எண்பதுகளின் நடுப்பகுதி தாண்டி, டேபிதா உறவினர்களையும் நண்பர்களையும் கூட்டி, எழுத்தறைக் குப்பையை ஒரு பையில் வாரிக்கொண்டு வந்து எல்லார் முன்னாலும் தரையில் கொட்டினார். பீர் கேன், சிகரெட் துண்டு, கோகெயின் பொட்டலம், மாத்திரை, இருமல் மருந்து, வாய் கொப்பளிக்கும் திரவம். சிகிச்சைக்குப் போ, இல்லையென்றால் வீட்டை விட்டுப் போ. கிங் கொஞ்ச காலம் பேரம் பேசிப் பார்த்தார், கடைசியில் விட்டார். ஓரிரண்டு வருடம் கழித்து அந்த மேசையை அப்புறப்படுத்தினார். அது இருந்த இடத்தில் சோபா போட்டார், நல்ல கம்பளம் விரித்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், சாயங்காலமானால் வளர்ந்த பிள்ளைகள் அந்த அறைக்கு ஏறி வருவார்கள். கூடைப்பந்து மேட்சோ சினிமாவோ பார்ப்பார்கள், பீட்சா சாப்பிடுவார்கள், ஓரங்களைப் பெட்டியிலேயே போட்டுவிட்டுப் போவார்கள். கிங்குக்குப் பழைய மேசையில் பாதி அளவில் ஒரு மேசை போதுமானதாக இருந்தது. அதை அறையின் மூலையில், கூரை சரிந்து இறங்கும் இடத்தில் போட்டுக்கொண்டார்.

எழுதுகிறவர் வீட்டில் எழுத்தறை என்பது கோயில் கருவறை மாதிரி. பிள்ளைகள் எட்டிப் பார்த்தால் அதட்டல் விழும். கிங் அதை மாலையில் மேட்ச் பார்க்கும் கூடமாக்கினார். காலையில் கதவைச் சாத்திக்கொண்டு, ஹார்ட் ராக் பாட்டை அலறவிட்டு எழுதுவார். அப்போது யாருக்கும் அனுமதி இல்லை. மாலையில் அதே அறை எல்லாருக்கும். அவருடைய பழக்கத்தில் நான் மெச்சுவது இதைத்தான். எழுத்துக்கும் வீட்டுக்கும் நடுவே அவர் வைத்த வேலி சுவரில் இல்லை, பொழுதில் இருந்தது.

இனி பேஸ்பால். கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒவ்வொரு அணிக்கும் ஒன்பது இன்னிங்ஸ். மூன்று பேர் அவுட்டானால் ஒரு இன்னிங்ஸ் முடிந்தது. ஒரு ஆட்டம் இரண்டரை முதல் மூன்று மணி நேரம். முக்கியமான விஷயம், ஒரு அணி ஒரு பருவத்தில் 162 ஆட்டம் ஆடுகிறது. வசந்தத்தில் தொடங்கி செப்டம்பர் கடைசிவரை அநேகமாகத் தினமும் ஆட்டம், பெரும்பாலும் இரவில். நான்கு வருடத்துக்கு ஒருமுறை உலகக் கோப்பைக்காக உயிரை விடுகிற பித்து வேறு. இந்தப் பித்து வேறு. இன்று தோற்றால் நாளைக்கு மறுபடி ஆட்டம் இருக்கிறது. நன்றாக எழுத வராத நாளுக்கு மறுநாள் மறுபடி இரண்டாயிரம் சொல் இருப்பதைப் போலத்தான். தினமும் எழுதுகிறவருக்குத் தினமும் ஆடுகிற ஆட்டம் வாய்த்தது கிங்கின் அதிர்ஷ்டம். கால்பந்து ரசிகராக இருந்திருந்தால் வார இறுதி முழுக்கப் போயிருக்கும்.

அவர் அணியோ தோற்பதற்குப் பேர்போனதாக இருந்தது. ரெட் சாக்ஸ் 1918-க்குப் பிறகு வெகுகாலத்துக்கு உலகத் தொடர் என்ற சாம்பியன் பட்டத்தை வெல்லவே இல்லை. 1919 கடைசியில் பேப் ரூத் என்ற மகா ஆட்டக்காரரை நியூயார்க் யாங்கீஸுக்கு விற்றதால் வந்த சாபம் என்று பாஸ்டனில் சொல்லிக்கொள்வார்கள். நல்ல அணி அமையும், கடைசிக் கட்டம்வரை போகும், அங்கே ஏதாவது நடக்கும். பேய்க்கதை எழுதுகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான அணி கிடைக்காது. பேங்கோரிலிருந்து பாஸ்டனின் ஃபென்வே பார்க் மைதானத்துக்குக் காரில் ஏறக்குறைய நாலு மணி நேரம். போகிற நாட்களில் கையில் ஒரு புத்தகம் இருக்கும். இன்னிங்ஸுக்கு இடையே அணிகள் இடம் மாறும் இரண்டு நிமிடத்தில் ஒரு பக்கம் படித்துவிடுவார். போகாத நாட்களில் டிவி அல்லது ரேடியோ. பேங்கோரில் 1983-ல் ஒரு ரேடியோ நிலையத்தையே வாங்கினார். டபிள்யூ-இசட்-ஓ-என் என்று பெயர் மாற்றிய அந்த நிலையம் பிற்காலத்தில் விளையாட்டுக்கென்றே நடந்தது.

பித்து என்றால் வீட்டுக்கு எதிரி என்றுதான் நாம் நினைக்கிறோம். கிங் வீட்டில் நடந்தது வேறு. 1989 கோடையில் ஓவனுக்குப் பன்னிரண்டு வயது. பேங்கோர் வெஸ்ட் என்ற சிறுவர் லீக் அணியில் ஆடினான். அந்த அணி ஒன்றன்பின் ஒன்றாக ஜெயித்து, அந்த ஆண்டு மெய்ன் மாநிலச் சாம்பியன் ஆனது. அப்பா கூடவே போனார். ஊர் ஊராகச் சின்னச் சின்ன மைதானங்கள், பயிற்சியாளர்களின் அதட்டல், தோற்ற பையன்களின் அழுகை எல்லாவற்றையும் பார்த்து ‘ஹெட் டவுன்’ என்ற நீண்ட கட்டுரை எழுதினார். 1990 ஏப்ரலில் ‘நியூயார்க்கர்’ வெளியிட்டது. பேயில்லை, ரத்தமில்லை. பன்னிரண்டு வயதுப் பையன்கள் பந்தடிக்கிறார்கள், அவ்வளவுதான். என் கணக்கில் அவர் எழுதிய கட்டுரைகளில் தலைசிறந்தது அது. மகன் பெயரைச் சொல்லி உருகாமல், அவனையும் அணியில் ஒரு ஆளாக வைத்து எழுதிய நிதானம் அதில் இருக்கிறது. குடியை விட்டு அதிக காலம் ஆகாத ஒரு அப்பா, கோடை முழுக்க மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். தன் அப்பா தன்னுடைய எந்த ஆட்டத்துக்கும் வராத பிள்ளை அவர். இதற்கு மனோதத்துவ விளக்கம் எழுதினால் கிங்கே சிரிப்பார், விட்டுவிடுகிறேன்.

அந்தப் பையன்கள் கல்லும் மேடுமான மைதானங்களில் ஆடியதைப் பார்த்ததன் பலன் 1992-ல் தெரிந்தது. கிங் தம்பதி பத்து லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து, தங்கள் வீட்டுக்குப் பின்புறம் ஊருக்கு ஒரு முறையான பேஸ்பால் மைதானம் கட்டினார்கள். ஓவனின் பயிற்சியாளருடைய மறைந்த மகன் பெயரால் அது மான்ஸ்ஃபீல்ட் ஸ்டேடியம். ‘அலறல் மைதானம்’ என்று ஊர்க்காரர்கள் கேலிப் பெயர் வைத்தார்கள்.

1999 ஏப்ரலில், பேஸ்பால் பருவம் தொடங்கும் வாரத்தில், ‘தி கேர்ல் ஹு லவ்ட் டாம் கார்டன்’ வெளிவந்தது. அம்மாவும் அண்ணனும் சண்டை போட்டுக்கொண்டே நடக்கிற காட்டுப் பாதையில், ஒன்பது வயதுப் பெண் ட்ரிஷா ஒதுங்கிப் போய் வழி தவறுகிறாள். கையில் ஒரு வாக்மேன் ரேடியோ. இரவானால் அதில் ரெட் சாக்ஸ் ஆட்டத்தின் வர்ணனை கேட்கிறாள். கடைசி இன்னிங்ஸில் வந்து ஆட்டத்தை முடித்துக்கொடுக்கும் பிட்சர் டாம் கார்டன் அவளுக்குத் தெய்வம். 1998 பருவத்தில் 46 ஆட்டங்களை அப்படிக் காப்பாற்றிக் கொடுத்த நிஜ ஆட்டக்காரர் அவர். அத்தியாயங்களுக்குப் பெயரே இன்னிங்ஸ்தான். பகலெல்லாம் தனியாக, பயத்தோடு, திசை தெரியாமல் நடக்க வேண்டும். ராத்திரி ஆட்டம் இருக்கிறது என்ற நினைப்பில் நடந்துவிடலாம். கிங்கின் கால அட்டவணையை அறிந்த பிறகு படித்தால் அந்தச் சிறுமி நடப்பது ஒரு நாவலாசிரியனின் பகல் போலவே இருக்கிறது.

அதே ஆண்டு ஜூன் 19. கோடைக்கால வீட்டில் பிள்ளைகள், பேரன் எல்லாரும் கூடியிருந்தார்கள். ஊருக்குத் திரும்பவேண்டிய ஓவனை விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டார் கிங். திரும்பி வந்து கொஞ்சம் தூங்கினார். சாயங்காலம் குடும்பத்தோடு சினிமாவுக்குப் போவதாகத் திட்டம். அதற்குள் வழக்கமான நடையை முடித்துவிடலாம் என்று கிளம்பியவரைச் சாலை ஓரத்தில் ஒரு வேன் அடித்துத் தூக்கியது. கால் ஒன்பது இடத்தில் முறிந்தது. இடுப்பு, விலா எலும்பு, நுரையீரல் என்று அடி. ஐந்து வாரம் கழித்து, ஜூலை 24 அன்று, மறுபடி எழுத உட்கார்ந்தார். எப்படி உட்கார்ந்தார் என்பதைப் பாருங்கள். அவர் அறைக்கு ஏற முடியாது. டேபிதா, சமையல் சாமான் வைக்கும் அறைக்கு வெளியே, பின்பக்க நடையில் மேசை போட்டு, சக்கர நாற்காலி நுழைய இடம் ஒதுக்கிக் கொடுத்தார். ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக, வலியோடு எழுதினார். அப்படி எழுதி முடித்த நூல்தான் ‘ஆன் ரைட்டிங்’. ரெட் சாக்ஸ் ஆட்டம் இடம்பெற்ற அந்த அட்டவணை அதில்தான் வருகிறது.

பித்தும் எழுத்தும் ஒன்றோடொன்று மோதிய வருடம் 2004. கிங்கும் அவருடைய நண்பரும் நாவலாசிரியருமான ஸ்டூவர்ட் ஓநானும் ஒரு பருவம் முழுக்க ரெட் சாக்ஸைப் பின்தொடர்ந்து, நாட்குறிப்பும் மின்னஞ்சலுமாக ஒரு புத்தகம் எழுத ஒப்புக்கொண்டார்கள். ஓநான் வலையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போய், பயிற்சியின்போது பறந்து வரும் பந்துகளைப் பிடிக்கிற ரகம். புத்தகத்தில் அவர் பங்குதான் அதிகம். ஊருக்கே வேகமாக எழுதிக் காட்டுகிற கிங் இதில் கொஞ்சமாகத்தான் எழுதியிருக்கிறார். பல ஆண்டுகளாக இழுத்த ‘டார்க் டவர்’ வரிசையின் கடைசி இரண்டு பாகங்களும் அதே ஆண்டில்தான் வெளிவந்தன; அது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் எனக்கு வேறொன்றும் தோன்றுகிறது. ஆட்டத்தை எழுத்தாக்க வேண்டும் என்றானவுடன் மாலையும் காலையாகிவிடுகிறது. பார்க்கிறவன் குறிப்பெடுக்கிறவன் ஆகிறான். அது கிங்குக்கு முழுதாக ஒத்துவரவில்லை.

அந்த அக்டோபரில் நடந்ததை எந்த நாவலில் எழுதினாலும் பதிப்பாசிரியர் அடித்துவிடுவார். அரையிறுதி மாதிரியான தொடரில் யாங்கீஸிடம் வரிசையாக மூன்று தோல்வி, மூன்றாவது 19–8. நாலாவது ஆட்டத்திலும் கடைசி இன்னிங்ஸ்வரை பின்தங்கியிருந்தார்கள். பாஸ்டனின் டேவ் ராபர்ட்ஸ் ஒரு பேஸைத் திருடினார், அதாவது பந்து அடிபடாமலேயே ஓடி அடுத்த நிலையைப் பிடித்தார். ஆட்டம் சமனாகி, நள்ளிரவுக்கு மேல் 12-வது இன்னிங்ஸில் டேவிட் ஆர்டிஸின் ஹோம் ரன்னில், நம் சிக்சர் மாதிரியான அடியில், முடிந்தது. அடுத்தது 14 இன்னிங்ஸ், ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. நான்கையும் ஜெயித்தார்கள். பிறகு செயின்ட் லூயிஸ் அணியையும் நாலுக்கு நாலு தோற்கடித்து, அக்டோபர் 27 அன்று, சந்திர கிரகணம் பிடித்த இரவில், 86 ஆண்டுக்குப் பிறகு சாம்பியன் ஆனார்கள். கிங்கும் ஓநானும் எழுதிய அந்தப் புத்தகம், ‘ஃபெய்த்ஃபுல்’, டிசம்பரிலேயே கடைக்கு வந்துவிட்டது. பாஸ்டன் தோற்கும் என்ற நம்பிக்கையில் படம் எடுத்துக்கொண்டிருந்த ‘ஃபீவர் பிட்ச்’ குழு முடிவை மாற்ற வேண்டியதாயிற்று. அந்தப் படத்தில் கிங் கிங்காகவே வந்து முதல் பந்தை வீசுகிறார்.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை ஒரு ஆணின் சாமர்த்தியக் கதையாகப் போய்விடும். கிறிஸ்துமஸ், ஜூலை நாலாம் தேதி, தன் பிறந்தநாள் தவிர தினமும் எழுதுவேன் என்று கிங் நீண்ட காலம் பேட்டி கொடுத்துவந்தார். பிறகு அது பொய் என்றார். நாவல் ஓடும்போது அந்த நாட்களிலும் எழுதுவாராம். கிறிஸ்துமஸ் காலையில் அப்பா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தால், வெளியே மூன்று பிள்ளைகளோடு யார் இருந்திருப்பார்கள்? மாலை ஏழு மணிக்குக் கவலையில்லாமல் மேட்ச் பார்க்க முடிந்ததற்குக் காரணம் காலையில் எண்ணிக்கை முடிந்தது. காலையில் எண்ணிக்கை முடிந்ததற்குக் காரணம் டேபிதா. அவரும் நாவலாசிரியர். 1981-ல் ‘ஸ்மால் வேர்ல்ட்’ முதல் நாவல். 1993-ல் வந்த ‘ஒன் ஆன் ஒன்’ மெய்ன் மாநிலப் பள்ளிக்கூடக் கூடைப்பந்தைச் சுற்றி நடப்பது. ஆக, அந்த வீட்டில் விளையாட்டை எழுத்தாக்கியவர் கிங் ஒருவர் மட்டுமில்லை. அவருடைய காலைகள் எப்படிப் போயின, அவருக்கு எத்தனை சொல் கணக்கு என்று எந்தப் பேட்டியாளரும் விழுந்து விழுந்து கேட்டதாகத் தெரியவில்லை. புத்தக எண்ணிக்கையில் இருவருக்கும் உள்ள இடைவெளியைத் திறமையை மட்டும் வைத்து விளக்க எனக்கு மனம் வரவில்லை.

பிள்ளைகளுக்கு அந்தக் கதவு பகையாகத் தெரியவில்லை என்பதும் உண்மை. சின்ன வயதில் அப்பா அவர்களுக்குக் காசு கொடுத்து, புத்தகங்களைச் சத்தமாகப் படித்து கேசட்டில் பதிவுசெய்யச் சொல்வார்; கார் ஓட்டும்போது கேட்டுக்கொண்டே போவார். ஜோ, அப்பா பெயர் ஒட்டாமல் ‘ஜோ ஹில்’ என்று எழுதிப் பெயர் வாங்கினார். நவோமி மதபோதகர் ஆனார். பேங்கோர் வெஸ்ட் அணியில் ஆடிய ஓவனும் நாவலாசிரியர். 2017-ல் அப்பாவோடு சேர்ந்து ‘ஸ்லீப்பிங் பியூட்டீஸ்’ எழுதினார். 2016-ல் ஒரு மேடையில் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின், எப்படி இவ்வளவு வேகமாக எழுதுகிறீர்கள் என்று கிங்கிடம் ஆற்றாமையோடு கேட்டார். தினமும் ஆறு பக்கம் என்றார் கிங். பத்து ஆறாகிவிட்டது. ஆட்டங்கள் அதே 162.

2019-ல் பாஸ்டனில் உள்ள ஒரு வம்சாவளி ஆராய்ச்சிச் சங்கத்துக்கு இருவரும் சேர்ந்து 12,50,000 டாலர் கொடுத்தார்கள். செய்தித் தலைப்புகளில் ஸ்டீபன் கிங்கும் அவர் மனைவியும் என்று வந்தது. டேபிதாவுக்குக் கோபம் வந்துவிட்டது. மனைவி என்பது உறவுமுறை, எனக்கென்று ஒரு பெயர் இருக்கிறது, நானும் எழுத்தாளர் என்ற பொருளில் சூடாக ஒரு பதில் எழுதினார். தன் ட்விட்டர் பக்கத்தில் அதை எல்லாரும் பார்க்கும்படி போட்டவர் அவருடைய கணவர்.

அடுத்த வாரம்: 1978 ஏப்ரலில் டோக்கியோவின் ஜிங்கு மைதானத்தில் பேஸ்பால் பார்க்கப் போய், நாவலாசிரியராகத் திரும்பி வந்த ஒரு ஜாஸ் பார் முதலாளி.

(தொடரும்)